ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய பத்தியம்

ஜிலேபியும் ஜாங்கிரியும் விற்றுக்கொண்டே சர்க்கரை நோயை எதிர்த்து விழா எடுக்கும் துணிச்சல் யாருக்கு வரும்? அந்தத் துணிச்சலின் திருவுருவமாக இந்த மேடையின் நடுநாற்காலியில் நிறைந்து வீற்றிருக்கின்ற, வீதி வணிகர் நலச் சங்கத்தின் தலைவர், இனிப்பக உரிமையாளர், பெருமதிப்பிற்குரிய ஐயா தட்சிணாமூர்த்தி அவர்களே; நோயாளி வாயைத் திறக்கும் முன்பே அவர் சொல்லப்போகும் பொய்யைக் கண்டுபிடித்துவிடுகிற, கனிவும் கண்டிப்பும் கலந்த மருத்துவர் மோகனப்பிரியா அவர்களே; முழங்கால் வலியை முகத்தில் காட்டாமல் முன்வரிசையில் முறுவலித்து அமர்ந்திருக்கும் மூத்தோர்களே, முதுபெரும் சான்றோர்களே; மாமியாருக்கு உப்பில்லாமல் ஒன்று, மாமனாருக்கு இனிப்பில்லாமல் ஒன்று, மகனுக்கு இரண்டும் தூக்கலாக ஒன்று என்று முப்பொழுதும் மூன்று சமையல் சமைக்கும் மாண்புமிகு தாய்மார்களே; உள்ளே வந்தால் உட்காரச் சொல்லிவிடுவார்கள் என்று அஞ்சி வாசற்படியிலேயே வாழ்ந்துகொண்டிருக்கும் வாலிபச் சிங்கங்களே; ஆடலரசன் ஆளும் இந்தத் தில்லைத் திருநகரத்துப் பெருமக்களே; உங்கள் அனைவருக்கும் கடலூர் முதுநகரின் கடற்காற்றைக் கைநிறைய அள்ளிவந்து வணக்கமாக வைக்கிறேன்.

என் பெயர் பெலிசியா. பள்ளியில் தமிழாசிரியை. வாரத்தில் ஐந்து நாள் பிள்ளைகளிடம் பேசுகிறேன், ஆறாவது நாள் இப்படி மேடையில் பேசுகிறேன், ஏழாவது நாள் கோயிலில் பாதிரியார் பேச, நான் கேட்கிறேன். வீட்டில் மட்டும்தான் எனக்குப் பேச வாய்ப்பில்லை என்று சொன்னால், அதோ கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற என் கணவர் எழுந்து வந்து இந்த மைக்கைப் பிடுங்கிவிடுவார். ஆகவே அதைச் சொல்லவில்லை.

மண்டபத்துக்குள் நுழைந்தேன். வரவேற்பு மேசையில் சந்தனம் இருந்தது. பன்னீர் இருந்தது. பக்கத்திலேயே பளபளக்கும் தட்டில் கற்கண்டும் இருந்தது. சர்க்கரை நோய் விழிப்புணர்வு விழாவுக்குக் கற்கண்டு. அங்கே நின்ற காயத்ரி என்ற தங்கையிடம், ஏனம்மா இது என்று கேட்டேன். "வழக்கம் மேடம். வைக்கலன்னா வந்தவுங்கள அவமானப்படுத்துன மாதிரி ஆயிடும்"னு சொல்லிச்சு. சொல்லிவிட்டு இரண்டு துண்டை என் உள்ளங்கையில் வைத்தது. நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். மருத்துவர் மேடையில் இருக்கிறார்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, சர்க்கரையும் மறதியும். சர்க்கரை தெரியும், மறதி தெரியும், இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த ‘உம்’ என்ன என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் இந்த அவையிடம் ஒரு கேள்வி. உண்மையை மறைக்காமல் கைதூக்க வேண்டும். நாளை மறுநாள் ரத்தப் பரிசோதனை என்றால், இன்றிலிருந்தே சோற்றை நிறுத்துகிறவர்கள் எத்தனை பேர்? பாகற்காயை அரைத்துக் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறவர்கள் எத்தனை பேர்? வெந்தயத்தை ஊறவைத்து விழுங்குகிறவர்கள் எத்தனை பேர்? ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்த கையோடு, ஊசி குத்தின இடத்தில் பஞ்சைக்கூட எடுக்காமல், எதிர்க்கடையில் நின்று, "மாஸ்டர், ஸ்ட்ராங்கா ஒரு டீ, சக்கர ஜாஸ்தி"ன்னு சொல்கிறவர்கள் எத்தனை பேர்?

ஐயா, அந்த நீலச்சட்டைக்காரரே, கையைப் பாதியில் இறக்காதீர்கள். பக்கத்தில் உங்கள் வீட்டம்மா உங்கள் கையைப் பிடித்து மேலே தூக்குகிறார்கள் பாருங்கள்.

இது என்ன வழக்கம்? மருத்துவருக்காகவா நாம் ரத்தம் வைத்திருக்கிறோம்? மதிப்பெண் வாங்கவா மருந்து சாப்பிடுகிறோம்? வருடம் முழுக்கப் புத்தகத்தைத் தொடாமல் தேர்வுக்கு முதல்நாள் மட்டும் விளக்கு முன்னால் உட்காரும் பிள்ளைகளை வகுப்பில் நான் பார்க்கிறேன். வீட்டுக்கு வந்தால் அதே பிள்ளை மீசையோடு உட்கார்ந்திருக்கிறது. அந்த மீசைப் பிள்ளையின் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன். அவரிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது. "சொல்லு. ஆனா கொறச்சி சொல்லு"ன்னு அனுமதி கொடுத்தார்.

என் கணவர் செபாஸ்டின், கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஓடும் ஒரு தனியார் பேருந்தின் ஓட்டுநர். அவர் கை பட்டால் வண்டி பேசும், அவர் கால் பட்டால் வண்டி பாயும், அவர் வாய் பட்டால் எதிரே வருகிற வண்டி ஓரமாகப் போய் நிற்கும். காரைக்காடு, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர், வெள்ளாற்றுப் பாலம், சிதம்பரம். இந்த வரிசையை அவர் தூக்கத்தில் கூடச் சொல்வார். நான் கேட்டிருக்கிறேன். ஆலப்பாக்கம் வந்ததும் புரண்டு படுப்பார்.

அவருக்குச் சர்க்கரை வந்து வருடங்கள் ஆகின்றன. மாத்திரை உண்டு. மாத்திரையோடு மைசூர்பாகும் உண்டு. கேட்டால், "மாத்திரைக்கும் ஒரு வேல வேணும்ல"ன்னு பதில் உண்டு. இப்படி இருக்கும்போது, பேருந்து முதலாளி ஓட்டுநர்களை எல்லாம் கூப்பிட்டு, இனி வருடத்துக்கு ஒருமுறை சர்க்கரைப் பரிசோதனை முடிவைக் காட்ட வேண்டும், காட்டினால்தான் ஸ்டியரிங் என்று சொல்லிவிட்டார். நல்ல முதலாளி, சரியான கட்டளை. என் கணவர் கலங்கினாரா? கவலைப்பட்டாரா? கண்ணாடி முன் நின்று மீசையை முறுக்கினார்.

"ஒரு வாரம் வாயக் கட்டுனா போதும். ரிப்போர்ட்டு பளபளன்னு வந்துடும் பாரு."

"ஒரு வாரம் கட்டுற வாய வருசம் பூரா கட்டக் கூடாதா?" என்றேன்.

"வருசம் பூரா கட்டுனா அது வாயா, பொட்டலமா?"

தொடங்கியது பத்தியம். காலையில் பாகற்காய்ச் சாறு. மதியம் மோர். மாலையில் பெருமூச்சு. என்னதான் சொன்னாலும் கேட்கவில்லை. சோற்றை நிறுத்தினவர் மாத்திரையை நிறுத்தவில்லை. நிறுத்தாதது மட்டுமா, முடிவு இன்னும் அழகாக வரட்டும் என்று மருத்துவர் எழுதாத ஒரு மாத்திரையை அவராகவே கூடுதலாகப் போட்டிருக்கிறார். மருத்துவர் அம்மா தலையில் கை வைக்கிறார்கள். அன்றைக்கும் இப்படித்தான் வைத்தார்கள்.

பரிசோதனைக்கு முதல்நாள். காலை வண்டி. வெறும் வயிறு, வயிற்றுக்குள் மாத்திரைகள், கையில் ஸ்டியரிங், பின்னால் நிறைந்த பேருந்து. புதுச்சத்திரம் தாண்டியாயிற்று. முட்லூர் வந்தது. உங்களுக்குத் தெரியும், முட்லூரில் நேரே வந்தால் பாலம், பாலம் தாண்டினால் நம் சிதம்பரம். இடது பக்கம் திரும்பினால் பரங்கிப்பேட்டை. வாழ்நாளெல்லாம் அந்த இடத்தில் நேரே வந்தவர், அன்று இடது பக்கம் திரும்பிவிட்டார்.

சிரிக்கிறீர்கள். பேருந்திலும் முதலில் சிரித்தார்களாம். டீசல் அடிக்கப் போகிறார் என்று ஒருவர் சொன்னார். பாலத்தில் வேலை நடக்கிறது போல, சுற்றிப் போகிறார் என்று இன்னொருவர் விளக்கம் கொடுத்தார். நம் மக்களைப் போல ஓட்டுநருக்காக வாதாடுகிறவர்கள் உலகத்தில் யார் இருக்கிறார்கள்? மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த குப்பு அக்காதான் முதலில் எழுந்தது. கடலூர் மீனைச் சிதம்பரம் சந்தையில் விற்கப் போகிற அக்கா.

"ஏம்பா டிரைவரு, நான் காலைல பரங்கிப்பேட்டைலேந்து வர்ற மீனோட போட்டி போட்டு விக்கறதுக்குப் போறேன். நீ என்னா, என்னைய மீனோட அங்கியே கொண்டு உடுற?"

பேருந்தே கொல்லென்று சிரித்தது. கண்டக்டர் ஜெயப்பிரகாஷும் சிரித்துக்கொண்டே முன்னால் போனான். "மாமா, இன்னா மாமா, வூட்டுக்கு மீன் வாங்கப் போறியா?"ன்னு கேட்டான். என் கணவர் திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் வியர்வை. கை நடுங்குகிறது. வண்டியை ஓரமாக நிறுத்தினார். அந்த நிலையிலும் ஓரமாக நிறுத்தினார், கையை உயர்த்திக் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். நிறுத்திவிட்டு, மெல்லிய குரலில் கேட்டார்.

"ஜெயப்பிரகாசு, நாம எந்த ஊருக்குப் போறோம்?"

அதற்குப் பிறகு அந்தப் பேருந்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

கூட்டத்தில் நர்சிங் படிக்கிற தீபிகா என்ற பெண் இருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே, "அண்ணா, இவருக்கு சுகர் இறங்கிடுச்சு"ன்னு சொல்லிக்கொண்டே, பக்கத்து இருக்கைக் குழந்தை கையிலிருந்த பழரசப் பாட்டிலை வாங்கி, விழுங்க முடிகிறதா என்று பார்த்துப் பார்த்துக் குடிக்க வைத்தாள். குழந்தை கூச்சல் போட்டது. குப்பு அக்கா குழந்தையை மடியில் தூக்கி வைத்து ஒரு வஞ்சிர மீனின் வாயைத் திறந்து காட்டியது. குழந்தை இன்னும் அதிகமாகக் கூச்சல் போட்டது. கொஞ்ச நேரத்தில் என் கணவருக்குக் கண் தெளிந்தது. தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏன்டா வண்டிய பரங்கிப்பேட்ட ரோட்ல நிறுத்தி வச்சிருக்க?"

எனக்குப் போன் வந்தது. பாடத்தைப் பாதியில் விட்டு ஓடிவந்தேன். அதற்குள் இங்கே, நம் மோகனப்பிரியா மருத்துவரின் அறையில் அவரைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். விரல்நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பழரசத்தின் புண்ணியத்தில் அளவு அழகாக இருந்தது. அதைப் பார்த்ததும் என் கணவருக்கு வந்த மகிழ்ச்சி இருக்கிறதே, எங்கள் கல்யாணத்தன்று கூட நான் அதைப் பார்க்கவில்லை.

"பாத்தியா, நார்மலு. இத அப்பிடியே எழுதிக் குடுங்க டாக்டரம்மா, மொதலாளி கிட்ட காட்டிடறேன்."

மருத்துவர் சிரித்தார். "எழுதிக் குடுக்கறேன் சார். அதோட இன்னொரு டெஸ்டும் எடுத்துடலாம்."

"அதுக்கு வெறும் வயிறா வரணுமா?"

"வேணாம். சாப்ட்டே வரலாம்."

"எத்தினி நாளு பத்தியம் இருக்கணும்?"

"இந்த டெஸ்டுல உங்க பத்தியம் செல்லாது சார். இது மூணு மாசக் கத."

என் கணவரின் மீசை அப்போது இறங்கியது. முழுசாக இறங்கியது.

தாய்மார்களே, அது என்ன மூன்று மாதக் கதை? கேளுங்கள். நம் ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் கொடுப்பது ஒரு புரதம். ஹீமோகுளோபின் என்று பெயர். ரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் அது சும்மா மிதந்து போய்விடாது. அந்தப் புரதத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறீர்களே, பாகு பட்ட கையைச் சேலையில் துடைத்தால் போகிறதா? கையும் பிசுபிசு, சேலையும் பிசுபிசு. அப்படித்தான் இதுவும். ஒட்டினது ஒட்டினதுதான், அந்தச் சிவப்பணு அழியும் வரைக்கும். சிவப்பணுவின் ஆயுள் மூன்று நான்கு மாதம். ஆகவே ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளந்தால், போன தீபாவளி வாரத்தில் தலைவர் கடையில் என்ன வாங்கினீர்கள் என்பது வரைக்கும் வெளியே வந்துவிடும். ஒரு வாரம் பாகற்காய் குடித்தீர்களா? ரத்தம் சொல்கிறது: அது ஒரு வாரம், மீதி வாரம் எங்கே ஐயா?

முடிவு வந்தது. ஒன்பதைத் தாண்டியிருந்தது. ஏழு சதவீதத்துக்குள் இருந்தால் மகிழ்ச்சி என்று மருத்துவர்கள் சொல்கிற இடத்தில் ஒன்பதைத் தாண்டியிருந்தது. என் கணவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் பட்டினி கெடந்த வாரத்த கணக்குல சேக்கலியா?"ன்னு கேட்டார்.

அப்போதுதான் மருத்துவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "சார், அன்னிக்கு வழி மாறுனதுக்குக் காரணம், சுகர் ரொம்ப இறங்குனது. அது நீங்களா இழுத்துக்கிட்டது, சரி பண்ணிட்டோம். ஆனா மாசக்கணக்கா ஏறிக் கெடக்குது பாருங்க, எனக்கு அதான் பயம். சக்கர ரத்தத்துல இருக்குற புரதத்துல மட்டும்தான் ஒட்டும்னு நெனச்சீங்களா?"

அவையோரே, அன்று அந்த அறையில் நான் கற்ற பாடத்தை இன்று இந்த அவையில் ஒப்பிக்கிறேன். பிழையிருந்தால் மருத்துவர் குறுக்கிடலாம்.

நம் மூளைக்குள்ளும் புரதங்கள் இருக்கின்றன. அமிலாய்டு என்று ஒன்று. அன்றாடம் உண்டாகும், அன்றாடம் அப்புறப்படுத்தப்படும். வாசல் பெருக்குவது போல நடந்துகொண்டே இருக்கிற வேலை. மறதி நோய் வந்தவர்களின் மூளையைப் பார்த்தால் இந்த அமிலாய்டு பெருக்கப்படாமல் குவிந்து கிடக்கிறதாம். ஏன் குவிகிறது? காரணங்கள் பல இருக்கலாம். அதில் சர்க்கரைக்கும் ஒரு கை இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். அமிலாய்டைக் கரைக்கிற அதே நொதிதான் இன்சுலினையும் கரைக்கிறது. சர்க்கரை ஏற ஏற, அதை அடக்க இன்சுலின் வெள்ளமாகச் சுரக்கும்போது, அந்த நொதி இன்சுலினைக் கவனிப்பதா, அமிலாய்டைக் கவனிப்பதா? ஒரே மருமகளை நான்கு பக்கம் கூப்பிட்டால் எந்த வேலை நடக்கும்? போதாக்குறைக்கு, அமிலாய்டின் மேலேயே சர்க்கரை ஒட்டினால் அது இன்னும் சுலபமாகக் கட்டிதட்டிப் போகும் என்றும் சோதனைக்கூடங்களில் பார்த்திருக்கிறார்களாம்.

இன்னொரு புரதத்தின் பெயர் டாவ். வாசலில் நிற்கும் வாலிபச் சிங்கங்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆசிரியை என்றால் ஒன்றும் தெரியாது என்று நினைக்கிறீர்களா தம்பிகளே? நீங்கள் நினைக்கிற காதல் டாவு வேறு. இந்த டாவ், நரம்பணுவுக்குள்ளே இருக்கும் நுண்ணிய குழல்களைக் கட்டி நிறுத்துகிற புரதம். பந்தலில் மூங்கிலை மூங்கிலோடு சேர்த்துக் கட்டுகிற கயிறு இருக்கிறதே, அந்த வேலை. சர்க்கரை நெடுநாள் மிகுந்திருந்தால் இந்தக் கயிற்றின் மேல் வேண்டாத வேதிச் சுமைகள் ஏறுமாம். சுமை ஏறின கயிறு மூங்கிலை விட்டு நழுவி, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளுமாம். கயிறு போனால் பந்தல் என்னாகும் என்று நான் சொல்ல வேண்டுமா?

என்னம்மா, பயமாக இருக்கிறதா? பயப்படுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. மருத்துவர் இதையெல்லாம் சொல்லிவிட்டு, இது இன்னும் ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிற விஷயம், முடிந்த முடிவு இல்லை என்றும் அழுத்திச் சொன்னார். கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிற எல்லோருக்கும் மறதி நோய் இல்லை. அப்படியிருந்தால் தலைமையாசிரியர் யாரும் பதவியில் இருக்க முடியாது. என் கணவருக்கும் அன்றே நினைவாற்றல் சோதனை வைத்தார். பலாப்பழம், குடை, சாவி என்று மூன்று சொல் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார். "பலாப்பழம், குடை, சாவி. பலாப்பழம் பண்ருட்டிதான?"ன்னு இவர் கேட்டார். கடிகாரம் வரையச் சொன்னார். வரைந்து, அதில் பேருந்து கிளம்பும் நேரத்துக்கு முள்ளை வைத்துக் காட்டினார். மறதி இல்லை, கொழுப்புதான் இருக்கிறது என்று நான் மருத்துவரிடம் சொன்னேன்.

எல்லாம் முடிந்தது, எழுந்துவிட்டோம். நான் கதவு வரைக்கும் போய்விட்டேன். என் கணவர் மட்டும் நாற்காலியை விட்டு நகரவில்லை. ஊருக்கெல்லாம் கேட்கப் பேசுகிற அந்த மனிதர், எனக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்து, மருத்துவர் பக்கம் குனிந்து கேட்டார்.

"டாக்டரம்மா, பின்னாடி ஒரு நாளு இவ பேரு எனக்கு மறந்துடுமா?"

இத்தனை வருடத்தில் என்னை அவர் "இந்தாம்மே" என்று கூப்பிட்டிருக்கிறார், "டீச்சரு" என்று கூப்பிட்டிருக்கிறார், கோபம் வந்தால் என் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. சொல்லாத பெயரை மறந்துவிடுவோமோ என்று ஒரு மனிதர் பயப்படுகிறார். கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று நான் அழுதேன். சிரித்துக்கொண்டேதான் அழுதேன், ஆனால் அழுதேன்.

மருத்துவர் என்ன சொன்னார்? மறக்காது என்று மழுப்பவில்லை. மறந்துவிடும் என்று மிரட்டவில்லை. "சார், அதுக்கு யாரும் கேரண்டி குடுக்க முடியாது. சக்கர இருக்குற எல்லாருக்கும் அந்த நோய் வர்றதில்ல. சக்கரயே இல்லாதவங்களுக்கும் வருது. ஆனா சக்கரய கட்டுல வச்சா ஆபத்து கொறையலாம். நம்ம கைல இருக்குறது அது ஒண்ணுதான். ஒரு வாரத்துக்கு இல்ல, தெனம்"னு சொன்னார்.

வெளியே வந்தோம். ஜெயப்பிரகாஷ் காத்திருந்தான். பாசக்காரப் பிள்ளை. காதோடு காதாக ஒரு வழி சொன்னான். "மாமா, மொதல்ல வெரல்ல குத்தி எடுத்தாங்கள்ல, அந்த நல்ல ரிப்போர்ட்ட மட்டும் மொதலாளி கிட்ட குடுத்துடு. இன்னொன்ன கிழிச்சிப் போடு. யாருக்குத் தெரியப்போவுது?"

யாருக்குத் தெரியப்போகிறது? நல்ல கேள்வி. நம்மில் எத்தனை பேர் அந்தக் கேள்வியிலேயே குடியிருக்கிறோம். நானும் அவர் முகத்தையே பார்த்தேன், என்ன சொல்வாரோ என்று. ஸ்டியரிங்கைத் தவிர வேறு ஒன்றும் தெரியாத மனிதர். அது போனால் அவருக்கு வீடு இருக்கிறது, நான் இருக்கிறேன், ஆனால் காலையில் எழுந்து சட்டை போட ஒரு காரணம் இருக்காது. அந்த மனிதர் சொன்னார்:

"பஸ்ஸுல ஏர்றவுங்க ரிப்போர்ட்ட பாத்தாடா ஏர்றாங்க? என் மூஞ்ச பாத்து ஏர்றாங்க. குப்பு அக்காவுக்கு நான் என்னாடா பதில் சொல்றது?"

நேரே முதலாளியிடம் போனார். ஒன்பதைத் தாண்டிய முடிவை மேசைமேல் வைத்தார். பரங்கிப்பேட்டைச் சாலையில் நடந்ததையும் அவர் வாயாலேயே சொன்னார். முதலாளி திட்டவில்லை. சர்க்கரை கட்டுக்குள் வந்து, மருத்துவர் எழுதிக் கொடுக்கும் வரை ஸ்டியரிங் கிடையாது, அதுவரை கடலூர் பேருந்து நிலையத்தில் வண்டிகளுக்கு நேரம் பார்க்கும் வேலை என்றார். இன்றுவரை அந்த வேலைதான். வேளாவேளைக்கு அளவாகச் சாப்பாடு, சொன்ன மாத்திரை மட்டும், கெடிலம் ஆற்றங்கரையில் காலை நடை. நடக்கும்போது, போகிற வருகிற ஓட்டுநர்களை எல்லாம் நிறுத்தி, "ஹார்ன் அடிக்கத் தெரியுதே, பிரேக் அடிக்கத் தெரியுதா?"ன்னு வம்பிழுக்கிறார். அதிலேயே பாதிச் சர்க்கரை இறங்கிவிடும் போலிருக்கிறது. போன பரிசோதனையில் எட்டுக்குக் கீழே வந்தோம். இன்னும் கொஞ்ச தூரம் இருக்கிறது.

தாய்மார்களே, பெரியோர்களே, நான் கேட்கிறேன். ரத்தத்தை ஏமாற்றி யாரை வெல்லப் போகிறோம்? மருத்துவரை ஏமாற்றி எந்தப் பரிசு வாங்கப் போகிறோம்? ஒரு வாரம் உபவாசம், ஒரு வருடம் உல்லாசம் என்றால், உடம்பு என்ன நம் உறவினரா, வாசலில் பார்த்து வாயால் சமாளிக்க? மருத்துவர் முன்னால் மண்டியிட வேண்டாம், மாத்திரைக்கு முன்னால் மந்திரம் வேண்டாம், உண்மையைச் சொன்னால் போதும். உண்டதைச் சொன்னால் போதும்.

இப்போது ஓர் அறிவிப்பு. இந்த மண்டபத்தின் பின்கட்டில் இலவச ரத்தப் பரிசோதனை ஏற்பாடாகியிருக்கிறது. அது தெரிந்துதான் இவ்வளவு கூட்டம், எனக்கும் புரிகிறது. காலையில் வந்ததிலிருந்து பார்க்கிறேன், ஒருவரும் காபியைத் தொடவில்லை. கொத்சு மணக்க இட்லி கொடுத்தும் சிதம்பரத்துக்காரர்கள் வேண்டாம் என்று சொன்ன அதிசயத்தை இன்றுதான் கண்டேன். எத்தனை நாளாக இந்தப் பத்தியம்? நீலச்சட்டை ஐயா, புதன்கிழமையிலிருந்தா? அவர் வீட்டம்மா திங்கள் என்கிறார்கள்.

உங்கள் அருந்தவத்தைப் பாராட்டுகிறேன். ஆனால் இன்று எடுக்கப்போவது மூன்று மாதப் பரிசோதனை.

உட்காருங்கள். உட்காருங்கள் ஐயா. செருப்பைத் தேடாதீர்கள். தலைவர் அவர்களே, நீங்களுமா எழுந்துவிட்டீர்கள்? கடைக்குச் சரக்கு வந்திருக்கிறதா? சரக்கு காத்திருக்கும், அமருங்கள்.

கலையும் முன் ஒரே ஒரு வேண்டுகோள். என் கணவர் கேட்ட கேள்வி எனக்குள்ளேயே நின்றுவிட்டது. நம் ஊரில் மனைவி கணவன் பெயரைச் சொல்ல மாட்டாள். ரேஷன் கடையில் கேட்டால் பிள்ளையைச் சொல்லச் சொல்வோம். ஓட்டுச்சாவடியில் கேட்டால் அட்டையை நீட்டுவோம். சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று பயம். அந்தப் பயம் அன்பிலிருந்து வந்தது, அதை நான் கேலி செய்யவில்லை. இன்று ஒருநாள் மட்டும் அதை ஒதுக்கி வையுங்கள். உங்கள் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து, அவர் பெயரைச் சொல்லுங்கள். நினைவு இருக்கும்போதே வாய்நிறையச் சொல்லிவிடுங்கள்.

ஏன் அமைதி? வெட்கமா? ஆண்களாவது தொடங்குங்கள். ஒருவருமில்லையா?

அதோ, மூன்றாவது வரிசையில் ஒரு அம்மா எழுந்திருக்கிறார்கள். யார்? நம் தலைவரின் துணைவியார் ராசம்மாளா? மைக்கை அங்கே கொடுங்கள். மைக் வேண்டாமா, சரி, சொல்லுங்கள் அம்மா. அவையோரே, அமைதி.

"தட்சிணாமூர்த்தி."

கேட்டதா? தலைவர் அவர்களே, கேட்டதா உங்களுக்கு? இன்னும் ஏதோ சொல்கிறார்கள்.

"தட்சிணாமூர்த்தி, வந்து கையக் காட்டு. எனக்கு நீ வேணும்."

கைதட்டாதீர்கள். தலைவருக்கு வழி விடுங்கள், அவர் மேடையை விட்டு இறங்குகிறார். அவருக்குப் பின்னால் வரிசையில் நில்லுங்கள், ஒவ்வொருவராக, அவரவர் துணையின் கையைப் பிடித்துக்கொண்டு. என் பேச்சைப் பொறுத்துக்கொண்ட தாய்மார்களுக்கும், ஊசிக்குப் பயப்படாமல் நிற்கப்போகும் பெரியோர்களுக்கும், இங்கே நிற்க எனக்கு இடம் கொடுத்த தில்லைக்கும் தலைதாழ்ந்த நன்றி. நானும் இறங்குகிறேன், பின்வரிசையில் ஒருவர் எனக்காகக் காத்திருக்கிறார். வணக்கம்.